யாத்திரைக்கு வரைந்த பழைய வரைபடம்: அக்கோ ஏன் எருசலேமைவிடப் பெரிதாக இருக்கிறது?

காங்கேயம்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வரைபடப் பாடம் நடத்தும்போது பழைய காலத்து வரைபடங்கள் நாலைந்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். அதில் ஒன்று 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மாத்யூ பாரிஸ் என்கிற துறவி தோல் சுவடியில் வரைந்தது, லண்டனில் தொடங்கி எருசலேம் இருக்கிற நாடு வரைக்கும் போகிறது.

காட்டினதுதான் தாமதம், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கடலோரத்தில் அக்கோ என்கிற ஊரை மதில், கோபுரம், வீடுகள் எல்லாம் வைத்து அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார். யாத்திரை போவதே எருசலேமுக்கு, அது மேலே ஓரமாக ஒரு சின்னச் சதுரமாக இருக்கிறது. நடுவில் ஓர் ஒட்டகம் வேறு. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், வரைஞ்சவருக்கு அந்த ஊரு தெரியாதா, இல்லை தப்பா வரைஞ்சிட்டாரா?" என்று கேட்டான். நான் படித்த பாடப்படி பதில் சொல்வதென்றால் அளவுகோல் இல்லை, திசை சரியில்லை, ஆகவே குறையுள்ள வரைபடம் என்றுதான் சொல்ல வேண்டும். சொல்ல மனசு வரவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

மனசு வராததற்கு எங்கள் அப்பிச்சிதான், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாதான், காரணம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்து போகிறவர் அவர். எத்தனை மைல் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. எந்த ஊரில் விடியும், எங்கே வெயில் ஏறும், எந்தப் புளியமரத்தடியில் காவடியை இறக்கலாம், எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று வரிசையாகச் சொல்வார். சின்ன வயதில் நான் பழனிக்குப் போனதே அவர் வாய் வழியாகத்தான். இந்தத் துறவியின் படத்தைப் பார்த்தபோது அப்பிச்சி பேசுகிற மாதிரியே இருந்தது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதை யார், எதற்காக வைத்துப் பார்த்தார்கள்? கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்களா? அக்கோ அவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டா? இதே முறையில் பழனி வழியைப் பிள்ளைகளை வரையச் சொல்லலாம் என்று ஓர் எண்ணம், அதற்கு முன்னால் எனக்குத் தெளிவாக வேண்டும்.

பவானி_ஏடு

டீச்சர், அந்தப் பையனுக்குத் தைரியமாகப் பதில் சொல்லலாம். வரைந்தவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை என்பது உண்மை. ஆனால் அக்கோவைப் பெரிதாகப் போட்டது தெரியாமல் செய்த தப்பு இல்லை.

மாத்யூ பாரிஸ் லண்டனுக்கு வடக்கே ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கும் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் 1217ல் துறவியாகச் சேர்ந்தவர், 1259ல் இறந்தார். பெனடிக்ட் சபைத் துறவிகள் சேர்ந்த மடத்திலேயே கடைசி வரை இருப்பதாக உறுதி எடுத்துக்கொள்கிறவர்கள். அவர் கடல் தாண்டிப் போனது 1248ல் நார்வேக்கு, அதுவும் மடத்துக் காரியமாக. எருசலேம் பக்கம் கால் வைத்ததில்லை. ஆனால் அந்த மடம் லண்டனிலிருந்து வடக்கே போகிற பெருவழியில் இருந்தது, போகிற வருகிறவர் எல்லாம் அங்கே தங்குவார்கள். ராஜா மூன்றாம் ஹென்றியே வந்து தங்கி இவரோடு பேசியிருக்கிறார். 1228ல் அர்மேனியாவிலிருந்து ஒரு பேராயர் அந்த மடத்துக்கு வந்த சேதி இவர் எழுதிய வரலாற்று நூலில் இருக்கிறது. அப்படி வந்து போனவர்களிடம் கேட்டதையும் ஏட்டில் படித்ததையும் சேர்த்துத்தான் அந்த வரைபடம். அர்மேனியா இருக்கும் மூலையில் நோவாவின் பேழையைப் போட்டிருப்பார், பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் திரையில் போட்டது கடைசிப் பகுதி மட்டும் என்று நினைக்கிறேன். அதற்கு முந்தைய பக்கங்களையும் அவசியம் காட்டுங்கள். அவற்றில் நாடு, எல்லை எதுவும் கிடையாது, வழி மட்டும்தான். பக்கத்தை நெட்டுக்குப் பத்தி பத்தியாகப் பிரித்து, கீழே லண்டன் தொடங்கி ரோசெஸ்டர், கான்டர்பரி, டோவர், அப்புறம் கடல், பிரான்ஸ், ஆல்ப்ஸ் மலை, இத்தாலி என்று கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் வழியைக் காட்டும் கோட்டின் ஓரமாக ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும்: 'ஜுர்னே'. பழைய பிரெஞ்சில் ஒரு நாள் பயணம் என்று பொருள். மைல் கணக்கு இல்லை. உங்கள் அப்பிச்சி கணக்கும் அதுதானே.

கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்களா என்றால், இல்லை. அது பெரிய கனமான வரலாற்றுச் சுவடியின் முன்பக்கங்களில் இருக்கிறது, மூட்டையில் போட்டுத் தூக்குகிற பொருளே இல்லை. இடம் போதாத பக்கங்களில் ஓரத்தில் தோல் துண்டை ஒட்டி மடக்கி விரிக்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். மடத்தை விட்டு வெளியே போக முடியாத துறவிகள் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு நாள் பயணமாக மனசில் நடந்து எருசலேம் போவதற்கு இது உதவியிருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. விரலை வைத்து ஊர் ஊராக மேலே ஏறிப் பாருங்கள், மடிப்பை விரித்தால் புதிதாக ஓர் ஊர் திறக்கும். போகிற வழியைப் பார்ப்பதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இனி அக்கோ. 1187ல் முஸ்லிம் சுல்தான் சலாதீன் எருசலேமைப் பிடித்த பிறகு சிலுவைப் போர்க்காரர்களின் ராஜ்ஜியத்துக்குத் தலைநகரம்போல் ஆனது அக்கோதான், 1191லிருந்து அது அவர்கள் கையில் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறவர் இறங்கும் துறைமுகமும் அதுதான். இறங்கி, படுக்க இடம் பிடித்து, துணை தேடி, வழி விசாரித்து, பிறகுதான் உள்நாட்டுக்குப் போக முடியும். டெம்பிளர்கள், ஹாஸ்பிட்டலர்கள் என்று யாத்திரைக்காரரைக் காத்த துறவி வீரர் கூட்டங்களின் கட்டடங்களை எல்லாம் அந்த ஊருக்குள் அவர் குறித்திருப்பது அதனால்தான். போகிறவருக்கு அதிக வேலை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார். எருசலேம் சதுரம் சின்னதுதான், ஆனாலும் இயேசுவின் கல்லறைக் கோயிலையும் இரண்டு ஆலயங்களையும் உள்ளே விடாமல் குறித்திருக்கிறார், பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

திசையும் சரியாகத்தான் இருக்கிறது. கிழக்கு மேலே, அவ்வளவுதான். கடற்கரை அடியில் படுத்திருக்கும், இடது கை பக்கம் வடக்கு. அந்தக் காலத்து ஐரோப்பிய வரைபடங்கள் பலவும் கிழக்கை மேலே வைத்தவை.

முத்தூர்_காவடி

டீச்சருங்களா, வரைபடம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் அப்பிச்சி போன வழி தெரியும், அதில் 19 வருசமாக நடக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

கொடுமுடியில் காவிரி தெற்கே வந்துகொண்டிருந்தது கிழக்கே திரும்புகிறது. அங்கே குளித்து, தீர்த்தம் முத்திரித்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு கிளம்புகிறோம். முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம், பழனி. பெயரை மட்டும் சொன்னால் நாலு ஊர், நடப்பவனுக்கு அது நாலு ஊர் இல்லை. பங்குனி வெயிலில் தார் ரோடு பத்து மணிக்கே காலைச் சுட ஆரம்பித்துவிடும். அதனால் விடியக் கருக்கலில் நடை, பத்து மணிக்குள் ஒரு நிழல், மறுபடி பொழுது சாய நடை. எங்களுக்கு ஊர் முக்கியமே இல்லை, பத்து மணிக்கு எந்த நிழலில் இருக்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்த நிழல் தப்பிப் போனால் அடுத்த நிழல் வரைக்கும் கொப்புளத்தோடு நடக்க வேண்டும்.

முன்னே இட்டேரி வழியாகக் கொஞ்ச தூரம் குறுக்கே போவோம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காலுக்கு மண் குளிர்ச்சியாக இருக்கும். இப்போது பல இடத்தில் வேலியை எடுத்துவிட்டார்கள், ரோட்டில்தான் நடை. சுமைதாங்கிக் கல் ஒன்றிரண்டு இன்னும் நிற்கிறது. தலைச்சுமையை மற்றவர் கை உதவி இல்லாமல் இறக்கி வைக்கிற உயரத்துக்கு யாரோ புண்ணியவான் நட்டு வைத்தது. பிள்ளைகள் வரைவதானால் அந்தக் கல்லை அவசியம் போடச் சொல்லுங்கள்.

அந்தத் துறவி அக்கோவைப் பெரிதாக வரைந்தார் என்று படித்ததும் எனக்குத் தாராபுரம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் குழுவில் யாரை வரையச் சொன்னாலும் தாராபுரம் பழனியைவிடப் பெரிதாகத்தான் வரும். அமராவதியில் காலை நனைப்பது அங்கே, காலுக்கு மருந்து போடுவது அங்கே, முடியாதவர்களை இனி வண்டியில் அனுப்பலாமா என்று பேசி முடிவு செய்வதும் அங்கேதான். அங்கிருந்து கிளம்பிவிட்டால் பழனி வந்த மாதிரி. மலை விளக்கு முதலில் கண்ணில் படுகிற இடம் ஒன்று உண்டு, அங்கே எல்லாரும் நின்று அரோகரா போடுவோம். அதற்குப் பிறகு வலி தெரியாது.

பழனிக்கு ஒரு வழி மட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். தைப்பூசம் முடிந்து வருகிற எடப்பாடிக் காவடி வேறு வழி, மலை மேலேயே ராத்திரி தங்குகிற உரிமை அவர்களுக்கு உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் படம்தான் வரும்.

நிலஅளவை_ஓய்வு

மேலே சொன்னவர்கள் சொன்னதெல்லாம் அருமை. ஆனாலும் ஒரு விசயத்தில் எனக்கு உடன்பாடில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருசம் சங்கிலியும் தியோடலைட்டும் பிடித்த ஆள் நான். அளவுகோல் இல்லாத வரைபடமும் அளவுகோல் உள்ள வரைபடமும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிடக் கூடாது. வரப்புத் தகராறு வந்தால் நிலத்தை அளந்து வரைந்த புலப்படம்தான் பேசும், அப்பிச்சி சொன்ன கதை பேசாது.

அதே எருசலேம் நாட்டுக்கு அளவு வைத்து வரைந்த சுவடி வரைபடமும் இருக்கிறது டீச்சர், அதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மாத்யூ பாரிஸ் இறந்து அறுபது வருசம் கழித்து, வெனிஸ் நகரத்து மரினோ சனுடோ என்பவர் சிலுவைப் போர்க்காரர்கள் இழந்த நாட்டை மறுபடி பிடிப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதி 1321ல் போப் இருபத்திரண்டாம் யோவானிடம் கொடுத்தார். அந்த நூலுக்கு வரைபடம் போட்டவர் பியெத்ரோ வெஸ்கொந்தே, கடல் வரைபடங்களில் கை தேர்ந்தவர். பாலஸ்தீன வரைபடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார், ஒரு கட்டம் ஒரு லீக் (அந்தக் காலத்துத் தூர அளவு). எந்த ஊர் எந்தக் கட்டத்தில் என்று நூலிலேயே எண்ணோடு சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் வரைபடத் தாளில் புள்ளி வைக்கிறோமே, அதே வேலை. 1291ல் அக்கோவும் கைவிட்டுப் போன பிறகு வரைந்த படம் அது. படை நடத்துகிறவனுக்குக் கட்டம் தேவைப்பட்டது, மடத்தில் உட்கார்ந்து கும்பிடுகிறவனுக்குத் தேவைப்படவில்லை. எதற்கு வரைந்தார்கள் என்பதைச் சொல்லி, அப்புறம் அளவைச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

இன்னொன்று. நாள் கணக்கு, காத கணக்கு எல்லாம் வெளிநாட்டில்தான் எழுதி வைத்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நமக்கு வடக்கே தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் 13ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டி, கூடவே குழியாகவும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது பத்து, சின்னது ஒன்று. எழுத்துத் தெரியாத வண்டிக்காரன் ராத்திரி இருட்டில் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். மாத்யூ பாரிஸ் காலமும் ஏறக்குறைய இதுதான். கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் இராசகேசரிப் பெருவழி என்று பெயர் வெட்டிய பாறையும் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போட்டால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஈரோடு_மேட்டுத்தெரு

பவானிக்காரர் எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். 1187க்குப் பிறகு எருசலேம் சிலுவைப் போர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடும். 1229ல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் ஒப்பந்தம் போட்டுத் திரும்ப வாங்கினார், 1244ல் மறுபடி போய்விட்டது. அப்போதும் துறைமுகம், பணம், படை எல்லாம் அக்கோவில்தான் இருந்தன, ஆகவே படத்துக்கான காரணம் மாறவில்லை.

சபையில் வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள் டீச்சர், பவுல் எருசலேமுக்குப் போகிற வழியில் கப்பல் விட்டு இறங்கி ஒரு நாள் தங்கிய பித்தொலோமாய் என்கிற ஊர் அதே அக்கோதான். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும். ஆயிரம் வருசம் கழித்தும் யாத்திரைக்காரன் இறங்கினது அதே கரையில். 1280களில் அங்கே போன பர்க்கார்ட் என்கிற டொமினிக்கன் துறவி அந்த நாட்டை விவரித்து எழுதும்போது அக்கோவில் நின்றுகொண்டு விசிறியை விரிக்கிற மாதிரி திசை திசையாகப் பிரித்துச் சொன்னார். படத்தில் மாத்யூ செய்ததை அவர் சொல்லில் செய்தார், அதுவும் நேரில் பார்த்துவிட்டு.

முத்தூர்க்காரர் மலை விளக்கு தெரிகிற இடத்தைச் சொன்னாரே, அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. எருசலேமுக்கு வடமேற்கே நபி சாம்வில் என்று ஒரு குன்று. கடற்கரையிலிருந்து ஏறி வருகிற யாத்திரைக்காரருக்கு நகரம் முதல் தடவை கண்ணில் படுவது அங்கேதான், அதனால் அதற்கு மகிழ்ச்சி மலை என்றே பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் வரைகிற பழனிப் படத்தில் அந்த அரோகரா இடத்துக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

காங்கேயம்_டீச்சர்

நாலு பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், வகுப்பில் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

சர்வே சார் சொன்னபடி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், எதற்கு வரைந்தார்கள் என்பதை முதலில் சொன்னேன். கல்லில் குழி வெட்டின கதைக்கு வகுப்பே அசையாமல் உட்கார்ந்திருந்தது. களிமண்ணில் பெரிய குழி, சின்னக் குழி போட்டுக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் கொங்கு நாட்டு எல்லை சொல்லும் பழைய வெண்பாவை விளக்கினேன்: வடக்கே பெரும்பாலை, தெற்கே வைகாவூர் என்கிற பழனி, மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை. கோடே போடாமல் நாலு பெயரில் ஒரு நாட்டை வரைந்திருக்கிறார்களே என்று அவர்களாகவே சொன்னார்கள்.

பழனி வழியை வரையச் சொன்னேன். வீட்டில் நடந்து போன ஒருவரைக் கேட்டுவிட்டுத்தான் வரைய வேண்டும், தூரத்துக்கு 'ஒரு நடை' என்று மட்டும் எழுத வேண்டும், பழனியைத் தாளின் உச்சியில் வைத்துக் கீழிருந்து மேலே போக வேண்டும் என்று மூன்றே விதி. 34 தாள் வந்தது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு தாளில் சண்முக நதிதான் பாதி இடம், அவன் பாட்டி அங்கே குளித்துவிட்டுத்தான் மலை ஏறுவாராம். ஒருத்தி தாராபுரத்தில் அவள் சின்னம்மா வீட்டை மதில் வைத்த கோட்டைபோல் போட்டு, வாசலில் சோற்றுக் குண்டானும் வரைந்திருக்கிறாள். குழுவில் நாற்பது பேருக்கு அங்கேதான் சாப்பாடு என்றாள். அன்றைக்கு எழுந்து கேள்வி கேட்டானே, அந்தப் பையன் தாளின் ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டி மடித்து வைத்திருந்தான். விரித்தால் இடும்பன் கோயிலும் படிக்கட்டும்.

முத்தூர் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். சுமைதாங்கிக் கல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அடையாளம் சொல்ல முடியுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று இருக்கிறேன்.

முத்தூர்_காவடி

சொல்கிறேனுங்க டீச்சர். முத்தூர் தாண்டி வெள்ளகோவில் ரோட்டில் போகும்போது இடது பக்கம் பாழடைந்த கிணறு ஒன்று வரும், அதை ஒட்டி ஒற்றை வேப்பமரம். கல் மரத்துக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் பாதிதான் தெரியும். எத்தனையாவது கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், கொடுமுடியில் விடியக் கருக்கலில் கிளம்பினவனுக்கு இரண்டாம் நாள் வெயில் ஏறுகிற இடம் அது. வருகிற சனிக்கிழமை என்றால் நானே வந்து நிற்கிறேன், பிள்ளைகளுக்குத் தண்ணீர் மட்டும் கொண்டு வரச் சொல்லுங்கள், அங்கே கிணற்றில் இல்லை.